சேனை வைக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தாய்ப்பால் வாரத்தையொட்டி (ஆகஸ்ட் 1-7) வந்த கட்டுரை, எதிர்ப்புச் சக்தி, மூளை வளர்ச்சி என்று நன்மைகளை அடுக்கியிருந்தது. சரிதான். ஆனால் நம் ஊரில் காரியம் கெடுவது முதல் மூன்று நாளில். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பிள்ளை பிறந்ததும் 'சேனை' என்று சீனித் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தொட்டு வைக்கிறார்கள். அதோடு நிற்பதுமில்லை, "பால் ஊறலையே, பிள்ளை அழுவுதே" என்று சங்கில் ஊற்றிப் புகட்டுகிறார்கள். ஊறாமல் இல்லை. முதலில் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுவென்று, ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் தேறினால் அதிகம். அன்றைக்குப் பிள்ளைக்கு வேண்டியதும் அவ்வளவுதான். கருப்பு மலத்தை இளக்கி வெளியேற்றி, காமாலை ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். சீனித் தண்ணீரில் வயிறு நிறைந்த பிள்ளை சப்பாது. சப்பாவிட்டால் சுரப்பு பிந்தும். பிந்தினால் பால்பவுடர் டப்பா வீட்டுக்குள் வந்துவிடும். தேன் இன்னும் மோசம்: அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்துத் தசைகளைத் தளர்த்திவிடும். தெருவில் கறந்து விற்கும் கழுதைப்பாலோ காய்ச்சாத பால். காமாலையைத் தீர்க்காது, வயிற்றுப்போக்கை வேண்டுமானால் தரும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும். காம்பை மட்டும் கவ்வ விடக்கூடாது. காம்பால் மேலுதட்டை வருடி, கொட்டாவி விடுவதுபோல் வாய் திறந்ததும் சட்டென்று அணைத்துக்கொள்ள வேண்டும். மோவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கி, காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் வாய்க்குக் கீழே தெரிவதைவிட மேலே அதிகம் தெரிந்தால் பிடிப்பு சரி. காம்பு வெடித்திருந்தால் களிம்பு தேடுமுன் பிடிப்பைத் திருத்துங்கள்.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவுசெய்ய முடியாது. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியதா என்று பாருங்கள். முதல் சில நாள் எடை குறைவது இயல்பு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பால்பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்ய 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. சேனைக் கிண்ணத்தோடு கட்டில் பக்கம் நிற்பதோ பாட்டி. அடுத்த கட்டுரையை அவருக்கு எழுதச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தேனி மாவட்டம்.