அப்பா போனில் எட்டு மெசேஜ்

கோவில்பட்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள மலர்,

இங்கே நான் நலம். நீ, மாப்பிள்ளை, கவின் எல்லோரும் நலம்தானே. பக்கத்து வீட்டுப் பையன் புதன்கிழமை பெங்களூர் வருகிறான். அவனிடம் கை முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஊறுகாயை வெயிலில் இன்னும் ரெண்டு நாள் வை.

போன வாரம் பேசும்போது, "ஜிம்மில மறுபடியும் ஒரு வருஷத்துக்கு ஆறாயிரம் எடுத்துட்டாங்கம்மா, நான் போறதே இல்ல, சரி போனாப் போகுது" என்று சொல்லிவிட்டு கவின் ஸ்கூல் பேச்சுக்குப் போய்விட்டாய். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அதே மாதிரி ஒன்று இங்கேயும் நடந்திருக்கிறது. உன்னிடம் சொல்ல மனசு வராமல் வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்பா போனதிலிருந்து அந்த ஜாயின்ட் அக்கவுன்ட் பக்கமே நான் போகவில்லை. என் பென்ஷன் வேறு கணக்கில் வருகிறது. இந்தக் கணக்கில் போய் நின்றால் அவர் பேரை எடுக்கச் சொல்வார்கள் என்று தெரியும். தை பிறந்த பிறகுதான் துணிந்து பாஸ்புக்கில் என்ட்ரி போடப் போனேன். மெஷினில் இருந்து வெளியே வந்த பக்கத்தைப் பார்த்தால், மாதாமாதம் 11ஆம் தேதி 399 ரூபாய் பற்று. ஜூனில் ஆரம்பித்து ஜனவரி வரை எட்டு வரி. மொத்தம் 3,192 ரூபாய். அவர் ஆகஸ்டில் போய்விட்டார். பணம் மட்டும் அவர் பேரைச் சொல்லி அதற்குப் பிறகும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கவுண்டரில் இருந்த பொண்ணு பொறுமையாகப் பார்த்துச் சொன்னாள். மே மாதம் லீவுக்குக் கவின் வந்திருந்தானே, அவனோடு செஸ் விளையாட அப்பா ஒரு ஆப்பில் கற்றுக்கொண்டாரே, அதுதான். பதினைந்து நாள் இலவசம் என்று சொல்லி டெபிட் கார்டு நம்பரை வாங்கியிருக்கிறார்கள். கவின் ஊருக்குப் போனதுமே "அழிச்சுட்டேன், எனக்கு யானை குதிரை எல்லாம் ஓட மாட்டேங்குது" என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் அழித்தது ஆப்பை. கார்டில் கொடுத்த அனுமதி அப்படியேதான் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து பீரோவில் இருந்த அவர் போனை எடுத்தேன். அந்த நம்பருக்கு நான்தான் ரீசார்ஜ் போட்டுச் சார்ஜும் ஏற்றி வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். ஆனால் மெசேஜ் பெட்டியை ஒரு நாளும் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். எட்டு மெசேஜ். ஒவ்வொன்றும் பணம் போவதற்கு முதல் நாள், 10ஆம் தேதி வந்தது. இன்ன கம்பெனி, இவ்வளவு ரூபாய், இந்தத் தேதியில் எடுக்கப்படும், வேண்டாமென்றால் இங்கே போய் ரத்து செய்யுங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. முதல் ரெண்டை அவர் திறந்து பார்த்திருக்கிறார். மீதி ஆறும் யாரும் படிக்காமல் கிடந்தன. மாதாமாதம் ஒருத்தர் வாசலில் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனது போலவும், நான் உள்ளேயே இருந்தது போலவும் இருந்தது எனக்கு.

அஞ்சலகக் கவுண்டரில் 31 வருஷம் உட்கார்ந்தவள் நான். நூறு ரூபாய் எடுக்க வருகிறவரிடம்கூட ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி, பழைய கையெழுத்தோடு ஒத்துப்பார்த்துத்தான் பணம் கொடுப்போம். எடுக்கும்போதெல்லாம் ஒரு கையெழுத்து. இப்போது ஒரே ஒரு முறை ஓடிபி போட்டால் போதும், நாமாகப் போய் நிறுத்துகிற வரைக்கும் அந்த ஒரு கையெழுத்துக்கே பணம் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் "போனாப் போகுது" என்று நீ சொன்னதும் எனக்குப் பதறியது. போன ஆறாயிரத்தை விடு. அந்த அனுமதி இன்னும் உன் பேரில் உயிரோடு இருக்கிறது, அடுத்த வருஷமும் எடுப்பார்கள்.

அந்தப் பொண்ணு சொன்னதையும் நானாகத் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன். இப்படித் தானாக எடுக்கிற கார்டுப் பணத்துக்கு ரிசர்வ் வங்கி போட்ட விதி 2021 அக்டோபர் 1 முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி நமக்குத் தெரிவிக்க வேண்டும், அந்தத் தகவலிலேயே வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். அதே சமயம் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள். முதலில் 2,000 என்று இருந்தது, பிறகு 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். உன் ஆறாயிரம் சத்தமில்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். அந்த 24 மணி நேரத் தகவல் உனக்கும் வந்திருக்கும். விளம்பர மெசேஜ்களுக்கு நடுவே கண்ணில் படாமல் போயிருக்கும். தகவல் எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டுமா மெயிலில் வர வேண்டுமா என்று முதலில் பதியும்போது கேட்பார்கள். நீ எதைத் தினமும் பார்க்கிறாயோ அதைக் கொடு.

அனுமதி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஜிம்முக்கு நீ ஜிபே மாதிரி ஏதாவது யுபிஐ ஆப்பில் ஒப்புக்கொடுத்திருந்தால், அதற்குள் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். எந்தெந்தக் கம்பெனிக்கு எவ்வளவு என்று பட்டியலாக வரும். வேண்டாததைத் தொட்டு ரத்து செய்து, உன் யுபிஐ பின் நம்பரைப் போட வேண்டும். கார்டில் கொடுத்திருந்தால் உன் வங்கியின் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ இ-மேன்டேட் என்று தேடு. உன் ஐபோன் வழியாக வாங்கியது என்றால் செட்டிங்ஸில் மேலே இருக்கிற உன் பேரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும். அடுத்த தவணைத் தேதிக்கு ஒரு நாளாவது முன்னால் அதை நிறுத்திவிட வேண்டும், கடைசி நாள் போனால் பிரயோஜனம் இல்லை. மாப்பிள்ளை போனில் பிளே ஸ்டோருக்குள் இருக்கும். ஆப்பை அழிப்பதும் போனை மாற்றுவதும் இதில் எதையும் நிறுத்தாது. அப்பா விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது அதுதான்.

இலவசமாகப் பார்க்கலாம் என்று கார்டு நம்பர் கேட்டால், சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்துவிடு. பெரும்பாலும் மீதி நாள் ஓடும். சிலது உடனே நின்றுவிடும், நிற்கட்டும். ரத்து செய்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை.

சேருவதற்கு ஒரு பட்டனும் விலகுவதற்குப் பத்துப் பக்கமும் வைத்தால், அது நம் கவனக்குறைவு மட்டும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இந்த மாதிரி 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறது. சந்தாவில் சிக்கவைத்து வெளியே விடாமல் அலைக்கழிப்பதும், இலவசத்துக்கே பணம் எடுக்கும் அனுமதியைக் கட்டாயமாக வாங்குவதும் அதில் வருகின்றன. ஜிம்காரர் நிறுத்த மறுத்தால் முதலில் மெயிலில் எழுது, வாயால் சொல்லிவிட்டு வராதே. பதில் வராவிட்டால் 1915க்குப் போன் பண்ணு, தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அப்பா விஷயத்தில் நான் இறப்புச் சான்றிதழை வைத்து எழுதினேன். கடைசி மாதப் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அனுமதி கொடுத்து எடுத்த பணம் என்பதால் வங்கியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

உன் வீட்டு அக்ரிமென்ட்டையும் எடுத்துப் பார். போன முறை வந்தபோது படித்தேன். முடிவதற்கு ரெண்டு மாதம் முன்னால் எழுத்தில் சொல்லாவிட்டால் வாடகை ஐந்து சதவீதம் கூடி அடுத்த 11 மாதத்துக்குத் தொடரும் என்று நாலாவது பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. கவின் ஸ்கூல் பக்கம் மாறணும் என்று சொல்கிறாயே, அப்படியென்றால் அந்தத் தேதியைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வை. உன் பேரில் இருக்கிற எஃப்டியும் முதிர்ந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படித்தான் போட்டிருக்கிறது. ஸ்கூல் ஃபீஸுக்கு அதை எண்ணியிருந்தால் முன்னாடியே வங்கியில் மாற்றிக் கொடு. புதுப்பித்த பிறகு உடைத்தால் வட்டியைக் குறைத்துவிடுவார்கள்.

கோபத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதே, அது இன்னும் பெரிய பயம் எனக்கு. மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் தானாகவே போகட்டும். அது விட்டுப்போய் அவகாச நாளும் தாண்டினால், பழைய வியாதிகளுக்கான காத்திருப்புக் காலத்தை முதலிலிருந்து எண்ணுவார்கள். மாப்பிள்ளைக்குச் சுகர் இருக்கிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் கணக்கில் எப்போதும் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்.

பாஸ்புக்கில் அப்பா பேரை எடுத்தாயிற்று. கார்டையும் ரத்து செய்துவிட்டார்கள். ஃபாரத்தில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது, அந்தப் பொண்ணு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவர் நம்பருக்கு ரீசார்ஜை மட்டும் நான் நிறுத்தவில்லை. 28 நாளைக்கு ஒரு முறை நானே கடைக்குப் போய்க் காசு கொடுத்துப் போட்டுவிட்டு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி கவின் தூங்கின பிறகு போன் பண்ணு. அதற்குள் உன் போன், மாப்பிள்ளை போன் ரெண்டிலும் பார்த்து, என்னென்ன போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வை. சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்
அம்மா