விறகுக் கணப்பு பொருத்தும் வீடுகளை முன்னிட்டு: கௌடெங் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாநிலத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் கோயில் அறக்குழுவினருக்கும் வணக்கம்.

லெனேசியா, லாடியம், ஆக்டன்வில் பகுதிகளில் நம்மவர் வீடுகளில் விறகுக் கணப்பு, அதாவது விறகை எரித்து அறையைச் சூடாக்கும் இரும்புப் பெட்டி, பொருத்துவது பெருகி வருகிறது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023ஆம் ஆண்டுக்குப் பிறகு, மின்சாரத்தை மட்டும் நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்கப் பலருக்கு மனம் வரவில்லை. அது நியாயமான முடிவே. ஆனால் டர்பன் கடற்கரையிலிருந்து இங்கே குடிபெயர்ந்த குடும்பங்களில் பலருக்குக் கணப்பு பழக்கமில்லாத பொருள். பெட்டி அழகாக இருக்கிறதா, விலை எவ்வளவு என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. இந்த இடைவெளியை நிரப்பச் சங்கங்களால் இயலும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்நாட்டில் ஒரு வீடு கைமாறும்போது மின்னிணைப்புக்கும் எரிவாயு இணைப்புக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். விறகுக் கணப்புக்கு அப்படி ஒரு சான்றிதழ் கேட்கும் வழக்கம் இல்லை. தேசியக் கட்டட விதிகளும், கணப்பையும் புகைபோக்கியையும் பற்றிப் பேசும் சான்ஸ் (SANS) 10400 என்னும் தென்னாப்பிரிக்கத் தேசியத் தரநூலின் ‘வி’ பகுதியும் இருக்கவே செய்கின்றன. அவற்றின்படி வேலை நடந்ததா என்று பார்க்கும் பொறுப்புதான் நடைமுறையில் வீட்டுக்காரரின் தலையில் விழுகிறது.

அவர் பார்க்க வேண்டிய முதல் இடம் கூடம் அன்று. உட்கூரைக்கு மேலே, ஓட்டுக்கோ தகரத்துக்கோ கீழே இருக்கும் இருண்ட வெளி. நம் வீடுகளின் கூரைச் சட்டங்கள் பெரும்பாலும் பைன் மரத்தால் ஆனவை. அறைக்குள் ஒற்றைச் சுவர்ப் புகைக்குழாய் (ஒரே தகட்டாலானது) வெப்பம் தரும் என்பதற்காக அதை வைக்கலாம். உட்கூரையைத் தொடும் இடத்திலிருந்து மேலே, நடுவில் வெப்பக்காப்பு அடைத்த இரட்டைச் சுவர்த் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்தான் செல்ல வேண்டும். செலவைக் குறைக்க ஒற்றைக் குழாயையே கூரை வரை ஏற்றிவிடுகிற வேலையை வெளியிலிருந்து பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. மரம் சாதாரணமாகத் தீப்பற்றச் சுமார் 250 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் குளிர்காலம் தோறும் சூடேறிக் காய்ந்து, உள்ளுக்குள் கரிந்துவரும் சட்டம் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றக்கூடும். ஆகவே, ‘மூன்று வருடமாக எரிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது. உட்கூரையின் மேல் விரித்திருக்கும் வெப்பக்காப்புப் பஞ்சு குழாயை நெருங்காதபடி உலோகத் தடுப்பும், தயாரிப்பாளர் குறித்த இடைவெளியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கணப்புக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அதன் பின்புறத் தகட்டில் எழுதியிருப்பார்கள். தகடு இல்லாத பழைய பெட்டி வாங்கினால், எரியக்கூடிய எந்தப் பொருளும் 90 சென்டிமீட்டருக்குள்ளும், ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு 45 சென்டிமீட்டருக்குள்ளும் வரக் கூடாது என்ற அமெரிக்கத் தீத்தடுப்பு விதியைப் பின்பற்றுவது நல்லது. குழாயின் வாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலும், மூன்று மீட்டர் தொலைவுக்குள் உள்ள கூரைப் பகுதியைவிட 60 சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். ஜொகானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. டர்பனில் நன்றாகப் புகையிழுக்கும் குழாய் இங்கே திணறலாம். உயரத்தில் கஞ்சத்தனம் காட்டினால் புகை கூடத்துக்குள்தான் திரும்பும்.

விறகைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராகவே இருக்கக்கூடும்; 20 விழுக்காட்டுக்குக் கீழ் ஈரம் இறங்கும்வரை அது எரிக்கத் தகுதியற்றது. ஈர விறகின் புகை குளிர்ந்து குழாயின் உட்புறத்தில் கிரியோசோட் என்னும் தார் போன்ற படிவாக ஒட்டுகிறது. அது ஒருநாள் பற்றிக்கொண்டால் குழாய்க்குள் வெப்பம் 1,000 பாகையைத் தாண்டும். வருடம் ஒருமுறை குழாயைத் துலக்குவது இதற்காகத்தான். வேலிக்குப் பயன்படும் பச்சைநிறம் ஏறிய கம்பங்களின் துண்டுகளை எரிப்பதை எவர் வீட்டில் கண்டாலும் தடுத்துவிடுங்கள்: அவற்றில் செம்பு, குரோமியத்தோடு ஆர்செனிக்கும் ஊறியிருக்கிறது, புகையிலும் சாம்பலிலும் அது வெளிவரும்.

நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இம்பாவுலா எனப்படும் கரியடுப்பை அறைக்குள் கொண்டுபோய்க் கதவடைத்துத் தூங்கிய குடும்பங்கள் விடியலில் எழாமல் போன செய்திகளை இந்நாட்டில் கேட்டிருக்கிறோம். அடைத்துக்கொண்ட புகைக்குழாயும் அதே வேலையைச் செய்யும். கணப்பு உள்ள அறையிலும் படுக்கையறைக்கு அருகிலும் இந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு வீட்டிலும் தீ மூட்டக் கூடாது.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. சித்திரைப் புத்தாண்டுக் கூட்டம் குளிருக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னதாக வருகிறது. ஊரே கூடும் அந்த நாளில், புகைக்குழாய் துலக்குவோரையும் தீயணைப்புத் துறை அலுவலர் ஒருவரையும் அழைத்துப் பேசவையுங்கள். உறுப்பினர்கள் கேட்கும்போது ஒரு பொருத்துநரைப் பரிந்துரைப்பதாக இருந்தால், உட்கூரைக்கு மேல் செய்த வேலையின் புகைப்படங்களையும் பயன்படுத்திய குழாயின் விவரத்தையும் எழுத்தில் தருபவரை மட்டும் பரிந்துரையுங்கள். அவர் தரும் தாள் மாநகராட்சிக் கட்டட அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் காட்டத் தக்கதாக இருக்க வேண்டும். தனியாக வாழும் மூத்தோரின் வீடுகளுக்குச் சங்க இளைஞர்களை மே மாதத்திலேயே அனுப்பி, எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியையும் சாம்பலுக்கு மூடியுள்ள இரும்பு வாளி இருக்கிறதா என்பதையும் பார்க்கச் செய்யுங்கள்; அணைந்ததாகத் தோன்றும் சாம்பலில் நெருப்பு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதை அவர்களிடம் நேரில் சொல்லச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
லெனேசியாவில் வசிக்கும் சங்க உறுப்பினர் ஒருவர்