வண்டியை நான் ஏன் விற்கவில்லை

குரோம்பேட்டை,
ஐப்பசி மாதம்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. 2009இல் வாங்கிய மோட்டார் சைக்கிளை இனியும் வைத்துக்கொண்டு அல்லாடாமல், கிண்டி அலுவலகத்துக்கு மின்சார ரயிலிலேயே போய்வரலாமே என்று நீ அக்கறையோடு எழுதியிருந்ததைப் பல நாள் யோசித்தேன். ஆனாலும் வண்டியின் பதிவை இன்னும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டேன். அதன் காரணத்தை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ சொன்ன தொல்லைகள் யாவும் உண்மையே. சித்திரை வெயிலில் கத்திப்பாராவுக்கு முன்னால் நெரிசலில் நிற்கும்போது இன்ஜின் சூடு முழங்காலைச் சுடுகிறது. பக்கத்தில் நிற்கும் பேருந்தின் புகை முகத்தில் அடிக்கிறது. அலுவலகக் கொட்டகையில் யாரோ தம் வண்டிக்கு இடம் பண்ண என் வண்டியை நகர்த்தியதில், இந்த ஆண்டில் மட்டும் இரண்டு முறை கண்ணாடி உடைந்தது. வண்டி பழுது பார்க்கப் போயிருந்த இரண்டு வாரமும் ரயிலில்தான் சென்றேன். செலவு குறைந்தது, முதுகுவலியும் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சிறு சிறு செய்திகள் அந்த இரண்டு வாரமும் எனக்கு இல்லாமற்போயின. சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்து கிளம்பினால், நூறு அடி போவதற்குள் இரண்டு பேராவது கத்திச் சொல்லிவிடுகிறார்கள். பின்னால் அமர்ந்திருக்கும் பெண்ணின் துப்பட்டா சக்கரத்தின் பக்கம் பறந்தால், தம் அவசரத்தையும் மறந்து துரத்திச் சென்று எச்சரிக்கிறார்கள். பகலில் முகப்பு விளக்கு எரிந்தால், எதிரே வருபவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுவாரே, அது உனக்கு நினைவிருக்கும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் விளக்கு எப்போதும் எரிவதால், அந்தச் சைகை ஏறக்குறைய மறைந்தேவிட்டது. அதற்காக நான் உண்மையாகவே வருந்துகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை இரவு பெய்த மழையில், பல்லாவரத்தை நெருங்கும்போது சைலன்ஸர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் தேங்கி, வண்டி நின்றுபோனது. தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும்போது உதைத்துப் பார்த்தால் இன்ஜினே கெட்டுவிடும் என்பதால், இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்த இளைஞர் ஒருவர், "அண்ணே, நியூட்ரல்ல போட்டு ஏறி உக்காருங்க" என்று சொல்லி, தம் இடது காலை என் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்டில் வைத்து, தம் வண்டியை மெதுவாகச் செலுத்தியபடியே மெக்கானிக் கடை வரை என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். தண்ணீருக்குள் பள்ளம் எங்கே இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ஹெல்மெட்டைக் கழற்றி நன்றி சொல்வதற்குள் அவர் போய்விட்டார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கார்புரேட்டரில் இறங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, ஐம்பது ரூபாய் போதும் என்றார்.

லிஃப்ட் கேட்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மே மாதம் சென்னையில் பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட்டைக் கண்டிப்பாக்கியதிலிருந்து, கைகாட்டுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஏற்றிக்கொள்ள நினைப்பவர்களும் அபராதம் 1,000 ரூபாய் என்பதால் தயங்குகிறார்கள். சட்டம் சரியானதுதான். அதனால் இன்னொரு ஹெல்மெட் வாங்கி, வண்டியின் பக்கவாட்டில் மாட்டிவைத்திருக்கிறேன். தேர்வுக்கு நேரமாகிவிட்ட கல்லூரி மாணவர், இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும் காவலாளி, மருமகளுக்குப் பிரசவ வலி என்று பதறி நின்ற ஒரு பெரியவர் என்று பலர் அதை அணிந்திருக்கிறார்கள். அந்தப் பெரியவரைக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டேன். பத்து நாள் கழித்து சிக்னலில் என்னை அடையாளம் கண்டு, சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே, "பேத்தி!" என்று உரக்கச் சொன்னார்.

தை மாதம் நீ வரும்போது தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வண்டியோடு வருகிறேன். அந்த இரண்டாவது ஹெல்மெட்டின் உள்துணியை அதற்குள் துவைத்து வைத்துவிடுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழன்