மாலத்தீவு வேண்டாம் என்ற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை போனில் குரல் விட்டு விட்டுக் கேட்டது. சரியாகக் கேட்டிருந்தாலும் பேச்சு வாக்குவாதத்தில்தான் முடிந்திருக்கும். எனக்கு எழுதினால்தான் கோபம் வரிசையாக வரும் என்று உன் அம்மா சொல்வாள்.

"இந்தியாவே வெளியே போ என்று கோஷம் போட்ட மாலத்தீவுக்காரர்களுக்கு நம் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும், பாலிக்குப் போகலாம்" என்று மாப்பிள்ளை சொல்கிறார் என்றாய். பாலிக்குத் தாராளமாகப் போங்கள். கடல் எங்கும் கடல்தான். அந்தக் காரணம் மட்டும் எனக்கு இறங்கவில்லை. அதைவிட இறங்காதது, நீயும் அதற்குத் தலையாட்டிவிட்டாய் என்பது. உன் கல்லூரிக் கட்டணம் முழுக்க நான் ஆசிரியராக இருக்கும் இந்த மாலத்தீவிலிருந்து வந்தது. நன்றிக்கடன் என்று நான் இதைச் சொல்லவில்லை. உழைத்தேன், சம்பளம் கொடுத்தார்கள், கணக்கு நேராகிவிட்டது. ஆனால் இந்த ஊரைப் பற்றி விவரம் தெரிந்து பேச உனக்கு வழி இருந்தது, நீ கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 2023 நவம்பரில் இங்கே புதிய ஜனாதிபதி முய்சு பதவிக்கு வந்தார். இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்பது அவருடைய தேர்தல் பேச்சு. அவர்கள் சில டஜன் பேர். நாம் கொடுத்த ஹெலிகாப்டர்களையும் ஒரு விமானத்தையும் இயக்கிக்கொண்டிருந்தார்கள். அவசர நோயாளிகளைத் தூரத்துத் தீவுகளிலிருந்து தலைநகர் மாலேவுக்குத் தூக்கிவந்ததும் அந்த விமானங்கள்தான். 2024 ஜனவரியில் நம் பிரதமர் லட்சத்தீவுக்குப் போய்வந்த படங்களைப் பார்த்து இங்கே மூன்று துணை அமைச்சர்கள் வாய்க்கு வந்ததை எழுதினார்கள். அரசு அவர்களை இடைநீக்கம் செய்தது. அதற்குள் நம் ஊரில் டிக்கெட்டை ரத்து செய்வது தேசபக்தி ஆகிவிட்டது. மே மாதத்துக்குள் படையினர் திரும்பிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் படையைச் சேராத இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்து அதே விமானங்களை இயக்கினார்கள். அக்டோபரில் அதே முய்சு டெல்லிக்குப் போய் 40 கோடி டாலருக்கும் 3,000 கோடி ரூபாய்க்கும் நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டுவந்தார். 2025 ஜூலையில் இவர்களுடைய அறுபதாம் சுதந்திர நாளுக்கு நம் பிரதமரே சிறப்பு விருந்தினர். தலைவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் இன்னும் ஆகவில்லை.

புறக்கணிப்பால் என்ன ஆயிற்று தெரியுமா? 2023-ல் இங்கே வந்த பயணிகளில் இந்தியர்கள்தான் முதலிடம், இரண்டு லட்சத்துக்கு மேல். அடுத்த ஆண்டு அது ஒரு லட்சத்து முப்பதாயிரம் அளவுக்கு இறங்கியது. ஆனால் அந்த ஆண்டில்தான் மொத்தப் பயணிகள் வரலாற்றில் முதல்முறையாக இருபது லட்சத்தைத் தாண்டினார்கள். சீனர்களும் ரஷ்யர்களும் வந்து நிரப்பிவிட்டார்கள். நாடு ஆட்டம் காணவில்லை.

ஆட்டம் கண்டது யார் என்று என் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். பள்ளிக்கு எதிர்ச்சந்தில் எட்டு அறை கெஸ்ட் ஹவுஸ் ஒன்று இருக்கிறது. உரிமையாளர் முன்பு மீன்பிடித் தோணியில் தலைவனாக இருந்தவர். தேனிலவுக்கு வரும் குஜராத்தி, மராத்தி ஜோடிகளை நம்பிக் கடன் வாங்கி மாடி எடுத்தவர். சைவச் சாப்பாடு கேட்கிறார்கள் என்று நாகர்கோவில் பக்கத்துச் சமையல்காரர் ஒருவரை வரவழைத்தார். அந்தத் தம்பி மீன் வாசமே இல்லாத தனி அடுப்பில் சாம்பாரும் பூரியும் போட்டு, தீவு முழுக்கப் பெருங்காய மணத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார். அந்த 2024 ஜனவரியில் முன்பதிவுகள் வரிசையாக ரத்தாகிப் போயின. உரிமையாளர் வங்கித் தவணையைத் தள்ளிப்போட்டார், படகை அடகு வைத்தார், சமாளித்துக்கொண்டார். சமையல்காரரைத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். இந்தியாவுக்காகக் கோபப்பட்டவர்கள் ஓர் இந்தியனின் அடுப்பை அணைத்தார்கள். அமைச்சர்களின் சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை.

இங்கே நம் ஆட்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டால் உனக்கு மாப்பிள்ளையின் பேச்சு எவ்வளவோ மேல் என்று தோன்றும். கணக்கர், ஆசிரியர், நர்ஸ், கடை மேலாளர் என்று எல்லோரும் கூடிவிட்டால் ஒரே பல்லவி: "இவர்கள் சோம்பேறிகள், நாம் இல்லாவிட்டால் இந்த நாடு ஒரு வாரம் ஓடாது." 2022 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்துப் பதினைந்தாயிரம் பேரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வெளிநாட்டவர். ஆகவே ஓடாது என்பது உண்மைதான். சோம்பேறி என்பதுதான் பொய். நம் தெருவில் இப்போது வீடு கட்டுகிறவர்கள் யார்? பஸ் நிலையத்து ஹோட்டலில் மேசை துடைக்கிறவர்கள் யார்? பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவன் உன் சித்தப்பாவைப் பார்த்து "தூத்துக்குடிக்காரர்கள் சோம்பேறிகள்" என்றால் அவர் சும்மா விடுவாரா?

என்னிடம் படித்த பையன்கள் ரிசார்ட் வேலைக்குப் போய்த் திரும்பிவந்த கதை எனக்குத் தெரியும். ரிசார்ட் என்றால் தனித் தீவு. ஊழியர் குடியிருப்பு அதன் பின்புறம், விருந்தினர் கண்ணில் படாத இடத்தில். பக்கத்துத் தீவில் வீடு இருந்தும் படகு நேரத்தைப் பார்த்து மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். பெண்பிள்ளைகளை அப்படி அனுப்பப் பெற்றோருக்கு மனம் ஒப்புவதில்லை. மது ஓடும் இடம், இரவுப் பணி, உறவுக்காரர் யாரும் இல்லாத தீவு. நாட்டின் பெரிய தொழிலில் பாதி மக்கள் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். 1972-ல் முதல் ரிசார்ட் திறந்த பிறகு பயணி ஒரு தீவு, ஊர் ஒரு தீவு என்று பிரித்துவிட்டார்கள். 2009-க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த வழி பிறந்தது. அதன் பிறகுதான் சாதாரணக் குடும்பங்களின் கையில் டாலர் புரளத் தொடங்கியது. கூடவே சண்டையும் வந்தது: வெளிநாட்டவர் நீச்சலுடையில் குளிக்க ஒரு கரையைத் தட்டி கட்டி மறைக்க வேண்டும், நல்ல மணல் இருக்கும் கரையைத்தான் மறைப்பார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் படகுத்துறை ஓரம் பாறையில் குளிக்க வேண்டும். பள்ளிவாசல் பெரியவர்கள் முணுமுணுப்பதை நான் பிற்போக்கு என்று சொல்லமாட்டேன். கன்னியாகுமரியில் அப்படி ஒரு தட்டி கட்டினால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்?

பணம் எங்கே போகிறது என்பதைப் பத்தாம் வகுப்புக்குக் கணக்காகவே கொடுத்தேன். ரிசார்ட் அறை இரவுக்கு 500 டாலர் என்று வை. சேவைக் கட்டணம் பத்து சதவீதம், 550. அதன்மேல் சுற்றுலாப் பொருள் சேவை வரி, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம், 643.50. பசுமை வரி தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், இருவருக்கு 24. ஆக 667.50. பிள்ளைகள் போட்டுவிட்டார்கள். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "இதில் எங்கள் தீவுக்கு எவ்வளவு சார்?" என்று கேட்டாள். கணக்குப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. வரி மாலே கருவூலத்துக்கு. அறை வாடகையில் ஒரு பங்கு வெளிநாட்டு முகவரின் கணக்கிலேயே நின்றுவிடும். தட்டில் இருக்கும் மாம்பழம், மாட்டிறைச்சி, வெண்ணெய் எல்லாம் விமானத்தில் வந்தவை. மீன் ஒன்றுதான் இவர்களுடையது. அதிலும் சூரையைத் தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள், அதற்கு வலை வீசுவதில்லை. உன் ஆச்சி மாசிச் சம்பல் அரைப்பாளே, அந்த மாசி இந்தக் கரைகளில் அவித்துப் புகைபோட்டுக் காயவைத்ததுதான்.

இருபது லட்சம் பேர் டாலரோடு வந்தும் நாட்டில் டாலர் இல்லை. இது புரிந்தால் பாதி அரசியல் புரிந்துவிடும். அரிசி, மாவு, டீசல், சிமெண்ட் எல்லாமே டாலர் கொடுத்து வாங்க வேண்டும். நம் துறைமுகத்திலிருந்து வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலேவுக்குக் கிளம்புவதைச் சிறு வயதில் என்னோடு நின்று பார்த்திருக்கிறாய். கட்டடம் கட்ட ஜல்லிகூட இவர்களிடம் கிடையாது. இந்த நாட்டுப் பணம் ரூஃபியா; அரசு விலைப்படி டாலருக்கு 15.42 ரூஃபியா. அந்த விலையில் யாரும் உனக்கு விற்கமாட்டார்கள். என் சம்பளம் ரூஃபியாவில். வங்கி வழியாக மாதம் அனுப்பும் டாலருக்கு வரம்பு வைத்து, அந்த வரம்பையும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். மீதியை வெளியே மூன்று நான்கு ரூஃபியா கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறேன். சில மாதம் வீட்டுக்குப் பணம் தாமதமாக வந்ததற்கு இதுதான் காரணம். உன் அம்மாவிடம் இதை விளக்கி அலுத்துவிட்டேன், நீ சொல்லிப் பார். 2025 தொடக்கத்திலிருந்து ரிசார்ட்டுகள் டாலர் வருமானத்தில் ஒரு பகுதியை உள்ளூர் வங்கியில் மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. முதலாளிகள் கூச்சலிட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது, பத்து வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

இந்த நாட்டின்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று நினைத்துவிடாதே. 2022-ல் குறைந்தபட்ச ஊதியம் கொண்டுவந்தார்கள், தங்கள் குடிமக்களுக்கு மட்டும். கட்டடத்திலும் குப்பையிலும் சமையலறையிலும் நிற்கும் வங்கதேசத்துப் பையன்களுக்கு அது கிடையாது. அவர்களில் பலருக்குப் பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். ஒருவன் படுத்து எழுந்த பாயில் அடுத்த ஷிப்டுக்காரன் படுக்கும் அறைகளை மாலேயில் நான் பார்த்திருக்கிறேன். 2022 நவம்பர் 10 அன்று நள்ளிரவு தாண்டி அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் வாகனப் பட்டறை, மேலே தொழிலாளர்கள். பத்துப் பேர் செத்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். அன்றைக்கு நீ பயந்துபோய்த் திரும்பத் திரும்ப போன் செய்தாய், நினைவிருக்கிறதா? புறக்கணிக்க வேண்டும் என்றால் அன்றைக்குப் புறக்கணித்திருக்கலாம். அன்றைக்கு நம் ஊரில் யாரும் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. பிரதமரின் படத்துக்கு வந்த ரோஷம் பத்துக் கூலிக்காரர்களுக்கு வரவில்லை.

நவம்பர் 3 இங்கே வெற்றி நாள். 1988-ல் அதே தேதியில் ஓர் உள்ளூர் வியாபாரி, இலங்கையின் ப்ளாட் என்ற ஆயுத இயக்கத்துத் தமிழ் ஆட்களைக் கூலிக்குப் பிடித்து ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தான். அன்று இரவே ஆக்ராவிலிருந்து நம் பாராசூட் படை வந்து இறங்கிக் காப்பாற்றியது. இந்தத் தீவுக்கு வந்த புதிதில் படகுத்துறைப் பெரியவர் ஒருவர் என்னிடம், "தமிழா? எந்தப் பக்கத்துத் தமிழ்?" என்று கேட்டார். நான் தூத்துக்குடி என்றேன். சிரித்துக்கொண்டே பாக்கை நீட்டினார். சுட வந்தவனும் தமிழ் பேசினான், மீட்க வந்தவன் இந்தியாவிலிருந்து வந்தான். இரண்டையும் சேர்த்தே அவர் நினைவில் வைத்திருந்தார். 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர் ஆலையில் தீப்பிடித்துக் குழாய்கள் வறண்டபோது நம் விமானங்களும் கப்பல்களும் தண்ணீர் கொண்டுவந்ததையும் இவர்கள் மறக்கவில்லை. உதவியதற்காகப் பெரிய அண்டை நாட்டின் சிப்பாய் நிரந்தரமாகத் தன் வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும் என்று எவனும் சொல்லமாட்டான். அந்தக் கோஷத்தை ஓட்டாக மாற்றியவர்களை எனக்குப் பிடிக்காது. கோஷத்துக்குள் இருந்த கூச்சம் எனக்குப் புரிகிறது.

நான் இந்த நாட்டுக் குடிமகன் ஆக முடியாது. முஸ்லிம் அல்லாதவருக்கு அரசியல் சட்டம் இடம் தரவில்லை. முருகன் படம் அலமாரிக்குள்தான் இருக்கிறது. ஒப்பந்தம் தீர்ந்தால் பெட்டி கட்ட வேண்டியவன். ஆனால் குற்றம் சொல்வதென்றால் இங்கே இருந்து, இவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். தொழிலாளர் ஊதியத்தைப் பற்றி ஆசிரியர் அறையில் சொல்லி இரண்டு பேரின் பேச்சுவார்த்தையையும் இழந்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் அந்த உரிமை வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

வருவதாக இருந்தால் ஜனவரி நல்லது. கடல் அமைதியாக இருக்கும். நோன்பு மாதம் தொடங்குவதற்கு முன் வந்துவிடுங்கள், நோன்பில் பகலில் தீவில் சாப்பாட்டுக் கடை திறக்காது. ரிசார்ட் வேண்டாம், எதிர்ச்சந்து எட்டு அறைக்காரரிடம் பேசிவைக்கிறேன், அங்கே பசுமை வரியும் தலைக்கு 6 டாலர்தான். திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஒரு மணி நேரச் சொச்சம். விசா இறங்கியதும் கொடுப்பார்கள். சாமி சிலை, விபூதித் தட்டு எதையும் பெட்டியில் வைக்காதே, சுங்கத்தில் நிறுத்துவார்கள். மாப்பிள்ளை பாட்டில் வாங்கினால் அதையும் விமான நிலையத்தில் பிடித்துவைத்துத் திரும்பும்போதுதான் தருவார்கள், முன்னாலேயே சொல்லிவிடு. எனக்கு இட்லிப் பொடியும் பிரஷர் மாத்திரை மூன்று மாதத்துக்கும் வேண்டும்; மாத்திரைக்கு மருத்துவர் சீட்டைச் சேர்த்து எடுத்து வா. பாலிதான் என்று முடிவு செய்தாலும் மாத்திரையைப் பக்கத்துத் தெரு ஜோசப் சார் வரும்போது கொடுத்தனுப்பு, அவர் டிசம்பர் கடைசியில் கிளம்புகிறார்.

அன்புடன்,
அப்பா