‘சும்மாதான் இருக்கிறேன்’ என்றால் எந்தப் பெட்டி?

வீடு வீடாகக் கணக்கெடுக்க வருகிறவர்களுக்கும், அவர்களுக்கு வினாக்கொத்து எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம். முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த மாதங்களில், நானும் ஒரு கணக்கெடுப்புக்காகக் கொழும்பு கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குடியிருப்புத் தோட்டங்களில் கோப்பும் கையுமாகத் திரிந்தவள். என்னை அனுப்பியவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை.

ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஓர் அக்கா குந்தியிருந்து இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தட்டுகள் அவர் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சுவரில் கோயில் கலண்டர். அதே ஆணியில் நூல் கட்டிய ஓர் அப்பியாசக் கொப்பி. விரித்திருந்த பக்கத்தில் ‘காலை 200, மாலை 120’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிற கணக்கு அது.

நான் அச்சிட்டிருந்ததை அப்படியே வாசித்தேன்: “உசாத்துணை வாரத்தில் நீங்கள் ஏதேனும் பொருளாதார நடவடிக்கையில் ஈடுபட்டீர்களா?”

அவர் கை நின்றது. “நடவடிக்கையா? பொலிஸ் விஷயமா பிள்ளை?”

பதறிப்போய் நானே சுருக்கிக் கேட்டேன். “இல்லை அக்கா, வேலை செய்கிறீர்களா என்று கேட்கிறார்கள்.”

“அவர்தான் வேலைக்குப் போகிறார். நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.”

அடுத்த கேள்வி, வேலை தேடினீர்களா என்பது. அதற்கு அவர் சிரித்துவிட்டார். “தேடவா? இருக்கிற வேலைக்கே நேரம் போதவில்லை.”

அந்த இடத்தில் என் பேனா நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வேலை இல்லை, தேடவும் இல்லை. ஆகவே தொழிற்படைக்கு, அதாவது தொழிலில் இருப்பவர்களும் தொழில் தேடுகிறவர்களும் சேர்ந்த கணக்குக்கு, வெளியே. புள்ளடி போட்டேன். அவர் தந்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

இதற்காக ஜெனீவாவில் இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு 1923 முதல் கூடி வருகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு கூட்டும் அந்த மாநாடு யார் தொழிலில் உள்ளவர் என்பதற்கு 1982இல் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணமே நீண்ட காலம் உலகெங்கும் நடைமுறையில் இருந்தது; 2013இல் அதைத் திருத்தி எழுதினார்கள். கூலிக்காகவோ இலாபத்துக்காகவோ கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் தொழிலில் உள்ளவர் என்பதே விதி. சம்பளச் சீட்டு வேண்டாம், கந்தோர் வேண்டாம், முதலாளியும் வேண்டாம். வரைவிலக்கணத்தின்படி அந்த அக்கா முழுமையான சுயதொழிலாளி. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் நின்ற மகன் அதிகாலையில் பொதி கட்டிக் கொடுத்ததும் கணக்கில் வரும். கையில் ஒரு சதம் வாங்காவிட்டாலும் அவன் குடும்பத் தொழிலாளி.

‘ஒரு மணி நேரம் உழைத்தவனையும் வேலையுள்ளவன் என்று காட்டி ஏமாற்றுகிறார்கள்’ என்று தேநீர்க் கடைகளில் அடிக்கடி கேட்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சல்லடைக் கண் சின்னதாக இருந்தால்தான் இடியப்பக்காரியும் பூக் கட்டுகிறவளும் நழுவிப்போக மாட்டார்கள். பிழை எதில் என்றால், வேலையின்மை வீதம் என்ற ஒற்றை இலக்கத்தைத் தூக்கிப் பிடித்து நாடு நன்றாக இருக்கிறது என்று மேடையில் பேசுவதில்தான். அது போதாது என்பதால்தான் 2013 தீர்மானம் அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று அளவுகளை வைத்தது. மேலும் சில மணி நேரம் கிடைத்தால் செய்வேன் என்கிறவரும், தேடித் தேடிச் சலித்து விட்டுவிட்டவரும் அவற்றில் தென்படுவார்கள். புறக்கோட்டையில் இரண்டு நாள் மூட்டை தூக்கிவிட்டு ஐந்து நாள் காத்திருக்கும் நாட்டாமியை வேலையுள்ளவர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது அரைக் கணக்கு.

அதே தீர்மானத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. ‘வேலை’ என்பதும் ‘தொழில்’ என்பதும் ஒன்றல்ல என்று அது பிரித்துக் காட்டுகிறது. அந்த அக்காவின் அடுப்பையே பாருங்கள். கடைக்குப் போகும் 320 இடியப்பமும் தொழில். அதே பானையில், அதே ஆவியில், பிள்ளைகளுக்காக அவித்த இருபது இடியப்பம் தொழில் அல்ல. ஆனால் அதுவும் வேலைதான். சொந்த நுகர்வுக்கான உழைப்பு என்று அதற்குத் தனிப் பெயர் கொடுத்து, தனியாக அளக்கச் சொல்கிறது. சமையல், பிள்ளை பார்ப்பது, நோயாளியைக் கவனிப்பது எல்லாம் அதில் அடக்கம். இலங்கையில் 2017இல் நேரப் பயன்பாட்டு அளவீடு ஒன்று நடந்ததும் இப்படிப்பட்ட உழைப்பைக் கண்டுகொள்ளத்தான்.

கைத்தொலைபேசிச் செயலி அழைக்கிற இடத்துக்கெல்லாம் ஓடுகிற ஆட்டோச் சாரதி முதலாளியா கூலியா என்ற சிக்கலுக்கும் 2018 மாநாடு ஒரு பிரிவைத் திறந்திருக்கிறது: சார்ந்து நிற்கும் ஒப்பந்தக்காரர். அதைப் பற்றித் தனி மடலே எழுதலாம்.

ஆக, விதி சரியாகத்தான் இருக்கிறது. அது வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுகிறது. நம் வீடுகளில் ‘வேலை’ என்றால் காலையில் வெளிக்கிட்டுப் போய், மாத முடிவில் சம்பளத்தோடு வருவது. ‘சும்மா’ என்றால் வெளியே போகாமல் இருப்பது. விடியப் புறம் மூன்று மணிக்கு எழுந்து மா குழைக்கிறவர்கூட ‘சும்மா’தான். உங்கள் வரைவிலக்கணமும் இந்தச் சொல்வழக்கும் முகத்துக்கு முகம் சந்தித்தால் ஒவ்வொரு முறையும் சொல்வழக்குத்தான் வெல்லும். இந்த நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரே தொழிற்படையில் இருப்பதாக வருடா வருடம் படிக்கிறபோதெல்லாம் என் புள்ளடி நினைவுக்கு வருகிறது. அந்த இலக்கம் முழுவதும் பொய் என்று சொல்ல வரவில்லை. வேலைக்குப் போக முடியாமல் இருக்கிற பெண்கள் உண்மையிலேயே ஏராளம். ஆனால் இரண்டு கூட்டத்தையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் யாருக்கு என்ன செய்வது?

கேள்வியின் அமைப்பு மாறினால் பதிலும் மாறும் என்பது உங்களுக்குப் புதிதல்ல. பெண்களின் உழைப்பையும் ஆண்களின் உழைப்பையும் எப்படிக் கேட்டு அளப்பது என்று உலக வங்கியும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து இதே இலங்கையில் ஆய்வு செய்து அறிக்கை வெளியிட்டிருக்கின்றன.

ஆகவே என் வேண்டுகோள் மிகச் சிறியது. ‘உசாத்துணை வாரம்’ வேண்டாம். ‘போன ஏழு நாளில்’ என்று எழுதுங்கள். ‘வேலை செய்கிறீர்களா’ என்று தொடங்காதீர்கள். விற்பதற்குச் சமைத்தீர்களா, தைத்தீர்களா, மாலை கட்டினீர்களா, யாருக்காவது காசுக்குப் பிள்ளை பார்த்தீர்களா, வீட்டுக்காரரின் கடையில் நின்றீர்களா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தமிழ்ப் படிவத்தை அச்சுக்கு அனுப்புமுன், கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டிலும் முகத்துவாரத்தில் ஒரு வீட்டிலும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். கணவர் வாசலுக்கு வந்து “அவளா? வீட்டில்தான்” என்று சொன்னால் அதை எழுதிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். உள்ளே இருப்பவரிடம் கேளுங்கள்.

அந்த அக்கா இப்போது ஜம்பட்டா வீதியில் இல்லை. மகனோடு வத்தளைப் பக்கம் போய்விட்டார். தட்டுகளும் கூடப் போயிருக்கின்றன. உங்கள் பட்டியலில் அந்த வீடு விழுந்தால், பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் போங்கள். அதற்கு முன் தட்டுக் கழுவி முடியாது. அதற்குப் பின் மாலை ஓடருக்கு மா அவிக்கத் தொடங்கிவிடுவார்.

இப்படிக்கு,
அன்று புள்ளடி போட்டவள்
கொழும்பு 13