சீட்டை நகர்த்தாதே, பெடலைக் கொண்டு வா

அன்புள்ள மாப்ளே,

கடிதமும் படங்களும் கிடைத்தன. பாப்பாவுக்காகப் பழைய கோ-கார்ட், அந்தக் குட்டி ரேஸ் வண்டி, வாங்கிவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் "சீட்டுத் தாங்கியை வெட்டி நாலு அங்குலம் முன்னால் வெல்டு வைத்து, மேலே ஒரு தலையணை போட்டால் போதுமா" என்று கேட்டிருந்தாய் பார், அதற்காகத்தான் இன்றே பதில் எழுதுகிறேன். வெல்டிங்காரரிடம் இன்னும் வண்டியைக் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே.

கார்ட்டில் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்கும் கிடையாது, வளைவில் இரண்டு பின் சக்கரத்தையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் ஒன்றாகத்தான் சுற்றும். வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு ஒரு மயிரிழை எழும்பினால்தான் வண்டி திரும்பும். சேஸி, அதாவது அடிச்சட்டத்தின் குழாய், முறுக்கிக் கொடுப்பதால்தான் அது எழும்புகிறது. அந்த முறுக்கில் சீட்டுக்கும் பங்கு உண்டு, அதனால் சீட்டையும் சேஸியின் ஒரு உறுப்பாகவே நினைத்துக்கொள். பாப்பா 128 செ.மீ. உயரம், 28 கிலோ என்று எழுதியிருக்கிறாய். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 95 செ.மீ. 28 கிலோவை 10 செ.மீ. முன்னால் தள்ளினால் சுமார் 3 கிலோ பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்குப் போய்விடும். மொத்தமே 110 கிலோ உள்ள வண்டியில் 3 கிலோ சின்ன விஷயம் இல்லை. சீட்டை ஒரு செ.மீ. நகர்த்தினாலே ஓட்டுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஸ்டியரிங் கனத்துவிடும், வளைவில் பின்பக்கம் வழுக்கும். தலையணை அதைவிட மோசம். உடம்பு உயர்ந்துவிடும், பிடிப்பும் இருக்காது. ஒவ்வொரு வளைவிலும் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் உட்கார முடியும். பத்து சுற்றில் கை ஓய்ந்துவிடும்.

அதனால் முறை இதுதான்: முதலில் பிள்ளைக்கு ஏற்ற சீட்டு, பிறகு பெடல், அதன்பின் ஸ்டியரிங். சீட்டின் இடத்தை மாற்றுவது கடைசியில்தான், அதுவும் 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

படத்தில் இருக்கும் சீட்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கானது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, கேடட் அளவில், அதாவது சின்னப் பிள்ளைகளுக்கான அளவில், புது ஃபைபர் சீட்டு ஒன்று வாங்கு. பாப்பா ஓட்டும்போது போடும் உடுப்பைப் போட்டு, விலா எலும்புக் காப்பும் மாட்டி உட்காரட்டும். இடுப்புக்கும் சீட்டுச் சுவருக்கும் நடுவே உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்க முடிந்தால் அளவு சரி. கை மடங்கி உள்ளே போனால் பெரிது. வளரும் பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால், இரண்டு பக்கமும் 10 மி.மீ. கெட்டி ஃபோம் ஒட்டிக்கொள், அடுத்த வருஷம் உரித்துவிடலாம். அடியில் மட்டும் எதுவும் ஒட்டாதே.

சீட்டில் ஓட்டை போடுவதற்கு முன்னால் பழைய சீட்டின் மூன்று அளவுகளைச் சாக்பீஸால் எழுதி வை: பின் ஆக்ஸிலிலிருந்து சீட்டின் மேல் விளிம்பு வரை, முன் குறுக்குக் குழாயிலிருந்து சீட்டின் முன் விளிம்பு வரை, தரையிலிருந்து சீட்டின் அடி வரை. அடி, சேஸிக் குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கக்கூடாது, இறங்கினால் தரையில் உரசி ஃபைபர் தேயும். புது சீட்டை அந்த அளவுகளில் பலகைத் துண்டு வைத்து நிறுத்தி, பாப்பாவை உட்காரவைத்து, அதன்பின் தாங்கிகளின் ஓட்டை எங்கே வருகிறது என்று குறி போடு.

இங்கேதான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். சின்ன சீட்டுக்கும் பழைய தாங்கிக்கும் நடுவே ஒரு பக்கம் 15 மி.மீ., மறுபக்கம் 25 மி.மீ. என்று இடைவெளி வரும். போல்ட்டை முறுக்கி இழுத்து அதைச் சேர்த்துவிடுவார்கள். சீட்டு ஓட்டையைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும், சேஸியும் நின்ற இடத்திலேயே முறுக்கேறி நிற்கும். வண்டி இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் வேறு மாதிரியும் திரும்பும், காரணம் யாருக்கும் பிடிபடாது. இடைவெளி எவ்வளவோ அந்த நீளத்துக்கு லேத்தில் நைலான் புஷ் (நடுவில் ஓட்டையுள்ள உருளை) கடைந்து நடுவே வை. 8 மி.மீ. போல்ட், உள்பக்கம் 40 மி.மீ. அகல வாஷர், வெளியே நைலாக் நட்டு (அதிர்வில் கழலாத நட்டு). கையால் திருகும்போதே சீட்டு இழுபடாமல் உட்கார வேண்டும்.

அடுத்தது பெடல். சேஸியில் பெடலுக்கு இரண்டாவது ஓட்டை இருந்தால் பின்னால் கொண்டு வா. போதாவிட்டால் பெடல் முகத்தில் அலுமினியக் கட்டை வைத்து போல்ட் போடு. பிரேக்கை முழுக்க அழுத்தின பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். பாப்பாவின் பாதம் சின்னது, குதிகால் தரையில் இருந்தால் முன்பாதம் பெடலின் நடுவுக்கு எட்டாது. 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு மேடை செய்து, குதிகாலுக்குத் தடுப்புக் கம்பி வை. கால் வழுக்கி பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தக் கம்பி அவசியம்.

பெடல் நகர்ந்ததும் ஆக்ஸிலேட்டர் கேபிளின் நீளம் மாறும். பிள்ளைகள் பயந்தாலும் சந்தோஷப்பட்டாலும் பெடலை ஓங்கி மிதிப்பார்கள். பெடலுக்கு நிறுத்து போல்ட் இல்லாவிட்டால் அந்த மிதி முழுவதும் கேபிளில் விழும். இழை ஒன்றொன்றாக அறுந்து, அறுந்த நுனி உறைக்குள் சிக்கி, காலை எடுத்தாலும் இன்ஜின் இறங்காது. 6 மி.மீ. போல்ட் ஒன்றை லாக் நட்டோடு வைத்து, கார்புரேட்டர் முழுக்கத் திறப்பதற்கு ஒரு மி.மீ. முன்பே பெடல் அதில் முட்டும்படி செய். இழுப்பு ஸ்பிரிங் பெடலில் ஒன்று, கார்புரேட்டர் பக்கம் ஒன்று, இரண்டும் வேண்டும்.

பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்கு, அதாவது பிரேக் எண்ணெயைத் தள்ளும் சிலிண்டருக்கு, போகும் பிரேக் கம்பியைச் சுருக்கும்போது பெடலில் 2, 3 மி.மீ. வெறும் ஆட்டம் கட்டாயம் விடு. அது இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வராது, எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை அடைபடும். ஓட ஓட எண்ணெய் சூடாகி விரிந்து, யாரும் மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொள்ளும். கம்பி நுனி மரைக்குள் குறைந்தது 10 மி.மீ. இருக்க வேண்டும். கூடவே 2 மி.மீ. இரும்புக் கேபிளைக் கொஞ்சம் தளர்வாகத் துணைக்குக் கட்டு. கம்பி உடைந்தாலும் பிரேக் இருக்கும்.

ஸ்டியரிங் தண்டை நீட்ட வெல்டு வைக்கவே வைக்காதே. அது உடைந்தால் வேறு எதுவும் காப்பாற்றாது. சாய்வு ஹப்பும் (வட்டத்தைச் சாய்த்துப் பிடிக்கும் நடுத்துண்டு) 280 மி.மீ. ஸ்டியரிங் வட்டமும் வாங்கிப் போடு. முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு வட்டத்தின் மேல் விளிம்பில் படிய வேண்டும். முழுக்க இருபக்கமும் திருப்பிப் பார், விரல் தொடையில் இடிக்கக்கூடாது.

இன்ஜின் ஹோண்டா ஜிஎக்ஸ்160 என்று எழுதியிருக்கிறாய், நல்லது. அதன் கவர்னர், அதாவது வேகக் கட்டுப்பாடு, இன்ஜினை நிமிடத்துக்கு சுமார் 3,600 சுற்றில் நிறுத்தும், அதைத் தொடாதே. வேகத்தை ஸ்பிராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல் சக்கரத்தில், குறை. 11 அங்குல டயருக்குக் கணக்கு போட்டேன்: கிளட்ச்சில் 12 பல், ஆக்ஸிலில் 60 பல் என்றால் மணிக்கு 38 கி.மீ. வரும். 72 பல் போட்டால் 32 கி.மீ. முதல் சில மாதம் 72 போதும், தொடக்க இழுப்பும் நன்றாக இருக்கும், கிளட்ச்சும் கருகாது.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு நாள் சேஸியைத் துடைத்து வெயிலில் வைத்துப் பார். சீட்டுத் தாங்கி, முன் சக்கரத்தைப் பிடிக்கும் தாங்கி, இன்ஜின் கட்டை ஆகிய மூன்றில் எதன் வெல்டு ஓரத்திலாவது துரு கசிந்த கோடு தெரிந்தால் அது விரிசல். குழாயின் அடி தேய்ந்து தட்டையாகியிருந்தால் அந்தச் சேஸியில் காசு போடாதே.

பெல்ட் மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். மேலே கூண்டு இல்லாத கார்ட்டில் பெல்ட் கூடாது, கவிழ்ந்தால் வண்டியோடு பிள்ளையையும் கட்டிப்போட்டுவிடும். பெல்ட்டைவிட முக்கியம் பாப்பாவின் ஜடை. 2018-ல் ஹரியானா பிஞ்சோரில் கார்ட் சக்கரத்தில் தலைமுடி சிக்கி ஒரு பெண் இறந்தே போனார். கொண்டை போட்டு, துணிக் குல்லாய்க்குள் அடக்கி, அதன்மேல் ஹெல்மெட். ஹெல்மெட்டும் சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்த லேசானதாக இருக்கட்டும், பெரியவர்கள் ஹெல்மெட்டின் கனத்தைப் பிஞ்சுக் கழுத்து தாங்காது. செயினும் ஆக்ஸிலும் முழுக்க மூடியிருக்கிறதா என்று நீயே கைவைத்துப் பார்.

இங்கே சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 2024-ல் கார்ட்டுக்கென்றே புது டிராக் திறந்திருக்கிறார்கள். ஆனால் உனக்குப் பக்கத்திலேயே செட்டிபாளையம் ரேஸ் டிராக் இருக்கிறதே. மாருதி இன்ஜினை வைத்து ரேஸ் வீரர் கரிவரதன் ரேஸ் கார் கட்டின கோயம்புத்தூர்தானே உன் ஊர். நைலான் புஷ் கடைய ஆள் தேடி நீ அலைய வேண்டியதில்லை.

சீட்டில் ஓட்டை போடும் முன், நாலு குளியலறை எடை மெஷின் இரவல் வாங்கி, சமமான தரையில் சக்கரத்துக்கு ஒன்றாக வை. பெட்ரோல் பாதி, பாப்பா ஹெல்மெட்டோடு உட்கார்ந்து கை ஸ்டியரிங்கில். முன் இரண்டும் சேர்ந்து மொத்தத்தில் 43 சதவீதம், அதாவது 110 கிலோவில் 47 கிலோ அளவில் வந்தால் ஓட்டை போடு. வராவிட்டால் நாலு எண்களையும் எனக்கு எழுது, சீட்டை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பாப்பாவுக்கு என் அன்பு.

உன் மச்சான்