டிபி நோயாளி வீட்டில் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பிடித்துவிட்டால் போதும், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி தெருமுனைகளில் நிலவேம்புக் குடிநீர் அண்டா வந்துவிடுகிறது. "உணவே மருந்து" என்று கைபேசியில் நாளுக்கொரு பொடியும் சாறும் வந்து விழுகின்றன. சாப்பாட்டால் நோயைத் தடுக்க முடியுமா என்றால், சிலவற்றை நன்றாகவே முடியும். எதை முடியும், எதை முடியாது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் கையில் இருக்கிற கொஞ்சக் காசும் தவறான இடத்துக்குப் போகிறது. அதைப் பிரித்துச் சொல்லி, டிபி (காசநோய்) நோயாளி வீட்டார்க்கு ரேஷனில் பருப்பு கேட்கவே இக்கடிதம்.

டெங்குவை எந்தச் சாப்பாடும் தடுக்காது. கஷாயம் குடித்தவரையும் கொசு கடிக்கும். லாரித் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம்தான் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் பிடித்தால் மட்டும் போதாது. நீர்மட்டத்தை ஒட்டி உட்சுவரில் மிளகுத்தூள் ஒட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், அவைதான் முட்டைகள். காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அது கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்து, தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, வாயைத் துணியால் இறுகக் கட்டவேண்டும். டைஃபாய்டுக்கும் தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலைக்கும் கொதித்து ஆறிய நீர்தான் காப்பு. சளிக்கு வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் போட்டவர்களுக்கும் சளி வரத்தான் செய்கிறது. பெரியவர்களுக்கு அது நீடிக்கும் காலம் சுமார் 8 சதவீதம் குறைகிறது, அவ்வளவே.

சர்க்கரை நோய் வேறு கதை. நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, உடற்பயிற்சியும் செய்தவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறுவது இந்தத் திருத்தத்தில் சேராது. இரத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இந்துப்புக்கு மாறினாலும் சோடியம் குறையாது, அயோடின்தான் கிடைக்காமல் போகும்.

பழைய சோற்றில் இரும்புச்சத்து 21 மடங்கு கூடுகிறது என்ற செய்தியும் சுற்றுகிறது. பழைய சோறு நல்ல உணவுதான். ஆனால் இரும்பு ஒரு தனிமம். அரிசியிலும் தண்ணீரிலும் பாத்திரத்திலும் இல்லாத இரும்பு ராத்திரி ஊறினால் எங்கிருந்து வரும்? புளிக்கும்போது, இருக்கிற இரும்பை உடம்பு ஏற்பது கொஞ்சம் எளிதாகும், உண்மை அவ்வளவுதான். பச்சை முருங்கைக்கீரை 100 கிராமில் ஏறக்குறைய நாலரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, அதிலும் உடம்பில் சேர்வது சிறு பங்கே. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் வீண். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், அல்லது பச்சை நெல்லிக்காய் ஒன்றைக் கடித்துக்கொள்ளுங்கள். கறி சாப்பிடுகிறவர்களுக்குச் சுவரொட்டியில் (ஆட்டு மண்ணீரல்) உள்ள இரும்பு இன்னும் எளிதில் சேரும். ஹீமோகுளோபின் ஏற்கெனவே 7, 8 என்று இறங்கிவிட்டவர் கீரையை நம்பி மாதங்களைக் கடத்தக்கூடாது. அரசு தரும் மாத்திரை ஒன்றிலேயே 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது.

இனி, நாங்கள் இக்கடிதம் எழுதக் காரணமான டிபி. தொற்றுநோயைச் சாப்பாடு தடுக்காது என்று மேலே சொன்னதற்கு இது பெரிய விதிவிலக்கு. ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு 2023இல் வெளியானது. டிபி நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேரை அதில் கவனித்தார்கள். நோயாளிக்கு எல்லா வீடுகளிலும் உணவுப்பொருள் கொடுத்தார்கள். அவற்றில் ஒரு பாதி வீடுகளில் மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீட்டார்க்குப் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. மூலிகை கிடையாது, விலையுயர்ந்த பொடி கிடையாது. அரிசியும் பருப்பும் போதுமான அளவு வயிற்றுக்குள் போனது.

நம் ஊரில் அரிசி ரேஷனில் இலவசமாகவே கிடைக்கிறது. குறை பருப்பில்தான். அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். நான்கு பேர் வீட்டில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம். ஆய்வில் கொடுத்தது 50 கிராம். நோயாளிக்கு நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது அவர் ஒருவர் சாப்பாட்டுக்கு. அதே அறையில் அதே காற்றை மூச்சுவிடும் பிள்ளைகளுக்கு அத்திட்டத்தில் ஒன்றும் இல்லை.

நோயாளி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பரிசோதனைக்காகச் சுகாதாரப் பணியாளர்கள் எப்படியும் கணக்கெடுக்கிறார்கள். அதோடு குடும்ப அட்டை எண்ணையும் குறித்துக்கொண்டு, சிகிச்சை நடக்கும் ஆறு மாதத்துக்கு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ பருப்பை அதே ரேஷன் கடையில் அரசு கொடுக்கவேண்டும். முதலில் புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொடுங்கையூர் பகுதிகளில் தொடங்கலாம். வீட்டார்க்கு மருத்துவர் எழுதும் தடுப்பு மாத்திரையும் கூடவே தொடரவேண்டும். பருப்பு அதற்கு மாற்றல்ல. வீட்டிலும் பருப்பை நீர்க்கச் சாம்பாராகக் கரைக்காமல் கெட்டியாக மசித்து, முதல் கரண்டியைப் பிள்ளைகள் தட்டில் போடுங்கள்.

இப்படிக்கு,
சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை.